ஜீனோம் பிரவுசரில் உங்கள் பயிரின் பெயர் தெரியவேண்டுமா? இனப்பெயர்க் கோப்பு அமைக்கும் முறை

மாமரத்தின் ஜீனோமை, அதாவது அதன் முழு டிஎன்ஏ வரிசையை, ஐஜிபி என்ற மென்பொருளில் ஏற்றிவிட்டு, இனங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ‘மாங்கோ’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எம்_இண்டிகா’ என்று மொட்டையாக ஒரு பெயர் நின்றது. அதைச் சரிசெய்ய இரண்டு கிழமை மினக்கெட்டேன். மென்பொருளை அழித்து மறுபடியும் நிறுவினேன், ஜாவாவை மாற்றினேன், கோப்புகளை வேறு கணினிக்குக் கொண்டுபோனேன். கடைசியில் பார்த்தால், இனப்பெயர்க் கோப்பில் ஒரு டாப் (டாப் விசை தரும் இடைவெளி) இருக்கவேண்டிய இடத்தில் எட்டு வெற்றிடங்கள் இருந்தன. பிழை அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் கேட்க ஆள் இருப்பது அரிது. திருநெல்வேலியிலோ கிளிநொச்சியிலோ படித்துக்கொண்டு, ஆய்வுக்காக நெல்லையோ மாவையோ பனையையோ கையில் எடுத்திருக்கிற ஒருவர், இதை வைத்துக்கொண்டு ஒரே நாளில் முடித்துவிட்டால் எனக்குப் போதும்.

ஐஜிபி என்பது இன்டகிரேட்டட் ஜீனோம் பிரவுசர். அதற்கு நம் சொந்த ஜீனோமைக் கொடுக்கும் கோப்புறை அமைப்புக்குக் குயிக்லோட் என்று பெயர். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கவேண்டும். கோப்புப் பெயர்கள் சிறிய எழுத்தில்; ஜீனோமின் பெயரைத் தாங்கும் கோப்புக்கும் கோப்புறைக்கும் மட்டும் இரண்டாம் படியில் சொல்லும் முறை.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

முதலில் ஜீனோம் வரிசை, ஃபாஸ்டா என்ற உரை வடிவில். என்சிபிஐ என்ற அமெரிக்கத் தரவுத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். அதோடு ‘அசெம்பிளி ரிப்போர்ட்’ என்ற சிறிய உரைக்கோப்பையும் கட்டாயம் இறக்குங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் (குரோமோசோம்) என்சிபிஐ தரும் பெயர்கள் எவை, நீளம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரே கோப்பில் நிரலாக இருக்கும். ஐந்தாம் படிக்கு வரும்போது இதன் அருமை தெரியும்.

மூன்றாவது, அந்த அசெம்பிளியின் (கோத்துச் சேர்த்த ஜீனோம் பதிப்பின்) சேர்க்கை எண்ணும் வெளியான மாதமும் ஆண்டும். ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் பெயர் வைக்க அந்தத் திகதி தேவை.

உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே எடுத்த, இன்னும் வெளியிடாத வரிசை என்றால் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக் கணினிக்குள் வைத்துப் பார்ப்பதில் பிரச்சினை இல்லை. எட்டாம் படியில் இணையத்தில் ஏற்றும்போதுதான் சிக்கல் வரும்.

செலவு என்று பார்த்தால் மென்பொருள் இலவசம், தரவும் இலவசம். காசு போவது இணையத்துக்குத்தான். நெல்லின் ஜீனோம் ஏறத்தாழ 37 கோடி மூலச்சோடிகள் (டிஎன்ஏயின் எழுத்துகள்). ஃபாஸ்டாவில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால், விரித்தால் 370 எம்பிக்கு மேல் போகும். சுருக்கிய கோப்பாகவே இறக்குங்கள். வீட்டு இணைப்பில் இரவுக்கென்று தனி டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் போட்டுவிட்டுப் படுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய முறையில் இறக்குவது நல்லது. டபிள்யூகெட் கட்டளையில் சிறிய ‘சி’ என்ற தெரிவு அதற்குத்தான்.

நேரம்: முதல் தடவை ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இரண்டாம் தடவை ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இன்னொன்று. பெரிய ஜீனோமில் பழகாதீர்கள். பனையின் பச்சையவுருமணி (குளோரோபிளாஸ்ட்) ஜீனோம் ஏறத்தாழ 1,60,000 மூலச்சோடிகள்தான். கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். முதலில் அதை வைத்து எல்லாப் படிகளையும் ஒருக்கால் செய்து பாருங்கள். அது திரையில் வடிவாக வந்தபிறகு பெரிய ஜீனோமைத் தொடலாம்.

2. பெயரை முடிவுசெய்யுங்கள், கோப்பை அப்புறம் திறக்கலாம்

எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. ஐஜிபியில் ஒரு ஜீனோமின் பெயர் இப்படி அமையும்: சாதிப் (பேரினப்) பெயரின் முதல் எழுத்து, அடிக்கோடு, இனப்பெயர், அடிக்கோடு, மூன்றெழுத்தில் மாதம், அடிக்கோடு, ஆண்டு. நெல்லின் ஜப்பொனிக்கா உபஇனத்தின் 2011 ஒக்டோபர் பதிப்புக்கு ‘ஓ_சட்டைவா_ஜப்பொனிக்கா_ஒக்ட்_2011’. முதல் எழுத்து பெரியது, இனப்பெயர் முழுவதும் சிறியது, மாதத்தின் முதல் எழுத்து பெரியது.

திகதிக்கு முன்னால் உள்ள பகுதியை முன்னொட்டு என்று வைத்துக்கொள்வோம். இனப்பெயர்க் கோப்பு இந்த முன்னொட்டை வைத்துத்தான் ‘இது எந்த உயிர்’ என்று அடையாளம் காண்கிறது. ஆகவே முன்னொட்டு பிழைத்தால் மற்றதெல்லாம் பிழைக்கும்.

பெயரை எங்கே எடுப்பது? பழைய பாடப்புத்தகத்தில் எடுக்கவேண்டாம். தக்காளிக்கு ‘லைக்கோபெர்சிக்கன் எஸ்குலென்டம்’ என்று படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். இப்போது அதன் பெயர் ‘சொலானம் லைக்கோபெர்சிக்கம்’. முன்னொட்டு ‘எல்_எஸ்குலென்டம்’ என்று வைத்தால், மற்றவர்கள் தரும் தக்காளிக் கோப்புகள் எதுவும் உங்களுடையதோடு சேராது. என்சிபிஐயின் வகைப்பாட்டியல் பக்கத்தில் பெயரைப் போட்டுத் தேடினால், இப்போது ஏற்றுக்கொண்ட பெயர் மேலேயும் பழைய பெயர்கள் கீழேயும் வரும். மேலே இருப்பதை எடுங்கள். வகைப்பாட்டு எண்ணையும் குறித்து வையுங்கள்; மாவுக்கு 29780, நெல்லுக்கு 4530, ஜப்பொனிக்காவுக்கு மட்டும் 39947. பெயர் மாறினாலும் இந்த எண்ணை வைத்து உயிரைக் கண்டுபிடித்துவிடலாம்.

நம்மூர் மரங்களிலேயே ஒரு பொறி இருக்கிறது. இலுப்பையைச் சில பழைய நூல்கள் ‘மதுகா இண்டிகா’ என்று எழுதும். முன்னொட்டாக்கினால் ‘எம்_இண்டிகா’. மாமரம் ‘மேன்ஜிஃபெரா இண்டிகா’, அதுவும் ‘எம்_இண்டிகா’. இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால் மாமரத்தின் கீழே இலுப்பை போய் நிற்கும். இலுப்பையின் இப்போதைய பெயர் ‘மதுகா லோங்கிஃபோலியா’. அதை வைத்தால் மோதலே வராது.

உபஇனம் இருந்தால் அதையும் முன்னொட்டில் சேருங்கள். நெல்லில் ஜப்பொனிக்காவும் இண்டிகாவும் வேறு வேறு ஜீனோம்கள். மொட்டைக்கறுப்பன் நெல்லில் வேலை செய்கிற ஒருவர் எந்த ஜீனோமோடு ஒப்பிடுகிறார் என்பது ஆய்வின் முடிவையே மாற்றும். ‘ஓ_சட்டைவா’ என்று மட்டும் வைத்துவிட்டு, எது எதென்று ஆறு மாதம் கழித்து நினைவுபடுத்திக்கொள்ள முடியாது.

3. ஸ்பீசீஸ் கோப்பு, அதாவது இனப்பெயர்க் கோப்பு

முதலில் ஒரு வெற்றுக் கோப்புறை உருவாக்குங்கள். அதன் பெயர் உங்கள் விருப்பம். அதற்குள் ‘ஸ்பீசீஸ்.டிஎக்ஸ்டி’ என்ற உரைக்கோப்பு. ஓர் உயிருக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் மூன்று நிரல்கள்: முழு விஞ்ஞானப் பெயர், பொதுப்பெயர், முன்னொட்டு. நிரல்களுக்கு நடுவில் ஒரேயொரு டாப்.

மேன்ஜிஃபெரா இண்டிகா ‹டாப்› மாங்கோ ‹டாப்› எம்_இண்டிகா
பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர் ‹டாப்› பல்மைரா பாம் ‹டாப்› பி_ஃபிளாபெல்லிஃபர்
சொலானம் லைக்கோபெர்சிக்கம் ‹டாப்› டொமேட்டோ ‹டாப்› எஸ்_லைக்கோபெர்சிக்கம்

‹டாப்› என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் விசைப்பலகையின் டாப் விசையை ஒரு தடவை அழுத்தவேண்டும். சாதிப் பெயருக்கும் இனப்பெயருக்கும் இடையில் இருப்பது சாதாரண வெற்றிடம். அதை டாப் ஆக்கிவிட்டால் ஒரு நிரல் கூடிவிடும், எல்லாம் இடம்மாறும்.

இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். ஒரு நண்பர் பிடிஎஃப் வழிகாட்டியிலிருந்து வெட்டி அனுப்பிய வரிகளை அப்படியே ஒட்டினேன். பிடிஎஃப்பிலிருந்து வெட்டினால் டாப் வெற்றிடமாக மாறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் கண்ணை நம்பாதீர்கள். நோட்பேட்++ இருந்தால் எல்லாக் குறிகளையும் காட்டும் தெரிவைப் போடுங்கள். டாப் அம்புக்குறியாகவும் வெற்றிடம் புள்ளியாகவும் தெரியும். லினக்ஸில் ‘கேட்’ கட்டளையோடு பெரிய ‘ஏ’ தெரிவைக் கொடுத்தால், டாப் இருக்கும் இடத்தில் கூரைக்குறியும் பெரிய ‘ஐ’ எழுத்தும் சேர்ந்து வரும், வரி முடிவில் டாலர் குறி வரும். டாலருக்கு முன்னால் கூரைக்குறியும் பெரிய ‘எம்’ எழுத்தும் நின்றால் அது விண்டோஸ் வரிமுடிவு. ‘டோஸ்டுயூனிக்ஸ்’ என்ற சிறிய கருவியால் அதை நீக்கிவிடுங்கள்.

வேர்டில் இந்தக் கோப்பை எழுதவே வேண்டாம். எக்செலில் எழுதினால் ‘டாப் பிரித்த உரை’ என்ற வடிவில் சேமிக்கலாம், ஆனால் எக்செல் ‘01’ என்பதை ‘1’ ஆக்கிவிடும். நிறமூர்த்தப் பெயர்கள் உள்ள கோப்புகளுக்கு இது ஆபத்து. சாதாரண உரைத்தொகுப்பியே போதும்.

விண்டோஸ்காரர்களுக்கு இன்னொரு கரைச்சல். கோப்பின் பின்னொட்டு மறைந்திருக்கும் கணினியில் நீங்கள் ‘ஸ்பீசீஸ்.டிஎக்ஸ்டி’ என்று பெயர் வைத்தால் உண்மையில் அது ‘ஸ்பீசீஸ்.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி’ ஆகிவிடும். மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது, பிழைச் செய்தியும் தராது. பின்னொட்டைக் காட்டும்படி கோப்பு உலாவியில் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

பொதுப்பெயர் நிரலில் தமிழில் எழுதலாமா என்று கேட்பீர்கள். ‘பனை’ என்று திரையில் பார்க்க எனக்கும் ஆசைதான். யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து என் கணினியில் வரவைத்தேன். அதே கோப்பு ஆய்வுக்கூடத்தில் இன்னொரு கணினியில் கட்டம் கட்டமாக வந்தது. உங்களுக்கு மட்டும் என்றால் முயன்று பாருங்கள். மற்றவர்களோடு பகிரும் கோப்பில் இப்போதைக்கு ஆங்கில எழுத்தே பாதுகாப்பு.

4. கன்டென்ட்ஸ் கோப்பும் ஜீனோம் கோப்புறையும்

அதே கோப்புறையில் ‘கன்டென்ட்ஸ்.டிஎக்ஸ்டி’. இதில் இரண்டு நிரல்: ஜீனோமின் முழுப்பெயர், டாப், ஒரு சிறு விளக்கம். பிறகு முதல் நிரலில் உள்ள பெயரிலேயே ஓர் உட்கோப்புறை.

‘ஓ_சட்டைவா_ஜப்பொனிக்கா_ஒக்ட்_2011’ என்று கன்டென்ட்ஸில் எழுதினால் உட்கோப்புறைக்கும் அதே பெயர், அதனுள் வைக்கப்போகும் டூபிட் கோப்புக்கும் (வரிசையைச் சுருக்கி வைக்கும் கோப்பு, அடுத்த படியில்) அதே பெயர். ஸ்பீசீஸ் கோப்பில் அதன் முன்பகுதி. நாலு இடம், ஒரு பெயர். தட்டச்சு செய்யாமல் ஒன்றிலிருந்து மற்றதுக்கு நகலெடுத்து ஒட்டுங்கள்.

5. டூபிட் கோப்பு, நிறமூர்த்தப் பெயர்கள்

ஃபாஸ்டாவை அப்படியே கொடுக்காமல் டூபிட் ஆக்குவது நல்லது. ஒரு பைட்டுக்குள் நாலு மூலங்கள் அடங்குவதால் நெல்லின் கோப்பு நூறு எம்பிக்குள் வந்துவிடும். அமெரிக்காவின் யூசிஎஸ்சி பல்கலைக்கழகம் தரும் ‘எஃப்ஏடூடூபிட்’ கருவி இதைச் செய்யும். லினக்ஸுக்கும் மாக்குக்கும் கிடைக்கும். விண்டோஸில் இருப்பவர்கள் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு முன் நிறமூர்த்தப் பெயர்களைப் பாருங்கள். மேலே சொன்ன 2011 பதிப்பில் நெல்லின் முதலாம் நிறமூர்த்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தரவுத்தளமும் அதை ஒவ்வொரு பெயரில் அழைக்கும். என்சிபிஐ கோப்பில் அதற்கு ‘என்சி_029256.1’ என்று பெயர். ராப்-டிபி தரவில் ‘சிஎச்ஆர்01’. எம்எஸ்யூ தரவில் ‘சிஎச்ஆர்1’, அதிலும் முதல் எழுத்து பெரியது. என்செம்பிளில் வெறும் ‘1’. நாலும் ஒரே நிறமூர்த்தம், ஒரே நீளம், 4,32,70,923 மூலச்சோடிகள். வரிசையை ஓரிடத்திலும் பரம்பரையலகுக் (ஜீன்) கோப்பை இன்னோரிடத்திலும் இறக்கினால் பெயர்கள் பொருந்தா. திரையில் நிறமூர்த்தம் வரும், அதன்மேல் ஒரு பரம்பரையலகும் வராது. பலர் இந்த இடத்தில் பரம்பரையலகுக் கோப்பு பழுது என்று நினைத்து அதைத் திரும்பத் திரும்ப இறக்குகிறார்கள்.

நான் சொல்வது: பரம்பரையலகுக் கோப்பில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே பிடியுங்கள். ஃபாஸ்டாவின் தலைப்பு வரிகளை அதற்கேற்ப மாற்றுங்கள். அசெம்பிளி ரிப்போர்ட்டில் ஒரே வரியில் நிறமூர்த்தத்தின் எண்ணும் என்சிபிஐ பெயரும் இருப்பதால், எதை எதாக மாற்றுவது என்று ஊகிக்கவேண்டியதில்லை. நிறமூர்த்தங்களுக்கு நெல்லில் 12, மாவில் 20 வரிகள், அவ்வளவுதான். பச்சையவுருமணியும் இழைமணியும் (மைட்டோகொண்ட்ரியா) இருந்தால் தனி வரிகளாக வரும், அவற்றையும் மறக்கவேண்டாம்.

டூபிட் ஆனபிறகு ‘டூபிட்இன்ஃபோ’ கருவியை ஓட்டினால் ஒவ்வொரு நிறமூர்த்தமும் அதன் நீளமும் டாப் பிரித்து வரும். அந்த வெளியீட்டை அப்படியே ‘ஜீனோம்.டிஎக்ஸ்டி’ என்று உட்கோப்புறைக்குள் சேமியுங்கள். கையால் நீளங்களை எழுதாதீர்கள். நீளத்தில் காற்புள்ளி இருக்கக்கூடாது: நான் மேலே வாசிக்க வசதியாக எழுதியது கோப்பில் 43270923 என்று இருக்கும்.

வெங்காயத்தில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் நிறமூர்த்தச் சோடிகள் எட்டுத்தான், ஆனால் ஜீனோம் நெல்லைப்போல நாற்பது மடங்கு பெரியது, ஏறத்தாழ 1,600 கோடி மூலச்சோடிகள். சாதாரண டூபிட் கோப்பின் எல்லையையே அது தொட்டுவிடும். எஃப்ஏடூடூபிட்டில் ‘லோங்’ என்ற தெரிவு அதற்காக இருக்கிறது, ஆனால் அப்படி ஆக்கிய கோப்பைப் பழைய மென்பொருள்கள் திறக்கா. உங்களுக்கு வேண்டிய நிறமூர்த்தத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தொடங்குங்கள்.

6. பரம்பரையலகுக் கோப்பு

அதே உட்கோப்புறைக்குள் ‘அனொட்ஸ்.எக்ஸ்எம்எல்’. எந்தெந்தக் கோப்புகளைத் தெரிவுகளாகக் காட்டவேண்டும் என்று இதில் ஒவ்வொரு வரியாக எழுதுவீர்கள்: கோப்பின் பெயர், திரையில் தெரியவேண்டிய தலைப்பு, விளக்கம். மேற்கோள் குறிகள் நேராக இருக்கவேண்டும். கைபேசியில் தட்டச்சு செய்து அனுப்பிய வரிகளில் குறிகள் வளைந்துவிடும், கோப்பு முழுவதும் வாசிக்கப்படாது.

பரம்பரையலகுக் கோப்பு பெட் அல்லது ஜிஎஃப்எஃப் வடிவில் இருந்தால் முதலில் நிறமூர்த்தப் பெயர், தொடக்க இடம் என்ற ஒழுங்கில் அடுக்கி, ‘பிஜிஜிப்’ கருவியால் சுருக்கி, ‘டாபிக்ஸ்’ கருவியால் சுட்டி (இன்டெக்ஸ்) உருவாக்குங்கள். சாதாரண ஜிஜிப்பால் சுருக்கியதை டாபிக்ஸ் ஏற்காது. உருவாகும் சுட்டிக் கோப்பும் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

7. மாற்றுப்பெயர்க் கோப்பும் சோதனையும்

‘சினனிம்ஸ்.டிஎக்ஸ்டி’ கட்டாயம் இல்லை. ஒரே ஜீனோமைப் பிறர் வேறு பெயரில் அழைத்தால், ஒரே வரியில் டாப் பிரித்து எழுதுங்கள். உங்கள் பெயர் முதலில். மனித ஜீனோமில் ‘எச்ஜி19’ என்பதும் ‘ஜிஆர்சிஎச்37’ என்பதும் ஒன்றே என்று சொல்வதுபோல. ஆனால் இரண்டு வேறு பதிப்புகளை ஒரே வரியில் போட்டுவிடாதீர்கள். ஆள்கூறுகள் நகர்ந்து போயிருக்கும், பரம்பரையலகுகள் பிழையான இடத்தில் உட்காரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. நான் சொன்ன பொறிகளில் இதுதான் மோசமானது, ஏனென்றால் திரையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

இனி ஐஜிபியைத் திறந்து, விருப்பத்தேர்வுகளில் தரவு மூலங்கள் பகுதிக்குப் போய், புதிதாக ஒன்று சேருங்கள். வகை குயிக்லோட், இடம் உங்கள் வெளிக்கோப்புறை, உட்கோப்புறை அல்ல. இனங்களின் பட்டியலில் பொதுப்பெயர் வந்தால் ஸ்பீசீஸ் கோப்பு சரி. முன்னொட்டு மட்டும் வந்தால் மூன்றாம் படிக்குப் போய் டாப்பைப் பாருங்கள். இனமே வரவில்லை என்றால் கன்டென்ட்ஸ். நிறமூர்த்தம் வந்து டிஎன்ஏ எழுத்துகள் வரவில்லை என்றால் டூபிட்டின் பெயர். எழுத்து வந்து பரம்பரையலகு வரவில்லை என்றால் ஐந்தாம் படி.

திருத்தியபிறகும் பழையதே தெரிந்தால் பதற்றப்படாதீர்கள். மென்பொருள் பழைய கோப்பைத் தன் தற்காலிகச் சேமிப்பில் (காஷ்) வைத்திருக்கும். சேமிப்பை அழித்து, மூடித் திறங்கள். என் இரண்டு கிழமையில் இரண்டு நாள் இப்படித்தான் போனது. திருத்தம் சரியாகத்தான் இருந்தது, பழையதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8. மற்றவர்களோடு பகிர்வது

முழுக் கோப்புறையையும் அப்படியே ஒரு இணையச் சேவையகத்தில் ஏற்றினால், அதன் முகவரியைக் கொடுத்து யாரும் திறக்கலாம். இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். ஒன்று, விண்டோஸ் பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காது, லினக்ஸ் சேவையகம் பார்க்கும். மடிக்கணினியில் ஓடியது இணையத்தில் ஓடாவிட்டால் முதலில் அதைத்தான் சோதிக்கவேண்டும். இரண்டு, கோப்பின் ஒரு துண்டை மட்டும் கேட்டால் தரக்கூடிய சேவையகமாக இருக்கவேண்டும். டூபிட்டும் டாபிக்ஸும் அப்படித்தான் வாசிக்கப்படுகின்றன.

காசில்லாமல் செய்ய கிட்ஹப் பக்கங்கள் உண்டு. ஒரு கோப்பு 100 எம்பியைத் தாண்டக்கூடாது, முழுத் தளம் 1 ஜிபிக்குள் இருக்கவேண்டும். நெல்லின் டூபிட் அந்த எல்லைக்குள் மட்டுமட்டாக அடங்கும். அதைவிடப் பெரியது என்றால் உங்கள் பீடத்தின் கணினிப் பிரிவிடம் இடம் கேளுங்கள். கேட்கும்போது மொத்த அளவு, துண்டு வாசிப்பு தேவை, எத்தனை மாதத்துக்கு என்ற மூன்றையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை போய்வர நேரும்.

ஏற்றியபிறகு முகவரியை உங்கள் கணினியில் சோதிக்காமல், இதற்கு முன் ஐஜிபி திறந்தே இராத ஒருவரின் கணினியில் சோதியுங்கள். எனக்கு இதைச் செய்துதந்தது ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஒரு தங்கச்சி. பட்டியலை இறக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணா, மாங்கோ இருக்கு, பல்மைராவும் இருக்கு, ஆனா டொமேட்டோ ரெண்டு தரம் இருக்கே?” என்றார். ஸ்பீசீஸ் கோப்பில் தக்காளியின் பழைய பெயர் வரியை நான் அழிக்காமல் விட்டிருந்தேன்.